நரம்பின் பருமனும் நோயின் பெயரும்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் கை கால் நரம்புகளையே தாக்குவதால் வரும் நோய்கள் பல. கில்லன் பாரே நோய் சில நாட்களிலோ சில வாரங்களிலோ முற்றி ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். சி.ஐ.டி.பி. எனப்படும் நீடித்த நரம்பு அழற்சி இரண்டு மாதங்களுக்கு மேலாக மெல்ல வளர்ந்து நடையையும் பிடியையும் தளர்த்தும். எம்.எம்.என். என்ற நோயில் உணர்ச்சி குறையாது. கையின் வலிமை மட்டும் பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே போகும். இவை அரிய நோய்கள். சி.ஐ.டி.பி. லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கே இருக்கும். ஆயினும் நரம்பு நோய்களுள் மருந்துக்குக் கட்டுப்படுபவை இவை. காலத்தில் கண்டுபிடித்தால் எழ முடியாதவர் எழுந்து நடப்பார். தவறவிட்டால் நரம்பின் மயலின் உறையோடு உள்ளிழையும் அழியும். போன வலிமை முழுதாகத் திரும்பாது.

இந்நோய்களைக் கண்டறிய நெடுங்காலமாக உதவியவை மருத்துவரின் பரிசோதனை, நரம்புக் கடத்தல் சோதனை, முதுகுத் தண்டுவட நீர்ச் சோதனை, மிகச் சில வேளைகளில் நரம்பின் துணுக்கை வெட்டிப் பார்க்கும் பயாப்ஸி. இந்த வரிசையில் நரம்பு அல்ட்ராசவுண்டும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய நரம்பியல் கழகமும் புற நரம்புச் சங்கமும் 2021இல் வெளியிட்ட சி.ஐ.டி.பி. வழிகாட்டி அதற்கு முறையான இடம் கொடுத்தது. அந்த இடம் எவ்வளவு பெரியது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம். இங்கே நிகழும் பிழை இருபுறமும் வெட்டும்: நோயைத் தவறவிட்டாலும் கேடு, இல்லாத நோய்க்கு வலிய மருந்து கொடுத்தாலும் கேடு.

படத்தில் தெரிவது

கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் அதே ஒலி அலைதான் நரம்பையும் காட்டுகிறது. அலையின் அதிர்வெண்தான் வேறு. வயிற்றுக்குள் பார்க்கச் சில மெகாஹெர்ட்ஸ் போதும். நரம்புக்கு 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேண்டும். அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஆகவே தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் தெளிவாகத் தெரியும்; இடுப்புக்குள் புதைந்திருக்கும் நரம்புப் பின்னல் பெரும்பாலும் எட்டாது.

குறுக்குவெட்டில் நலமான நரம்பு தேனடைபோல் தோன்றும். கருமையான புள்ளிகள் நரம்புக் கற்றைகள். அவற்றைச் சுற்றியுள்ள வெண்மை இணைப்புத் திசு. மருத்துவர் பார்ப்பது மூன்று. நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு முதலாவது. கற்றைகளின் கருமை வெண்மை இரண்டாவது. ஒரே நரம்பு வழிநெடுக ஒரே பருமனாக ஓடுகிறதா, ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகிறதா என்பது மூன்றாவது.

மயலின் உறை மீண்டும் மீண்டும் சிதைந்து மீண்டும் மீண்டும் சுற்றப்படும்போது வெங்காயத் தோல்போல் அடுக்குகள் சேர்கின்றன. அழற்சியின் நீர்க்கோப்பும் அதோடு கூடுகிறது. சி.ஐ.டி.பி.யில் நரம்பு பருப்பதற்கு இவையே காரணம். அழற்சி எல்லா இடத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. அதனால்தான் பருமனும் திட்டுத்திட்டாக அமைகிறது. கழுத்தில் நரம்பு வேர்களும், மேல்கையில் மீடியன் நரம்பும் இந்த மாற்றத்தை நன்கு காட்டும் இடங்கள்.

மின்சோதனை எட்டாத இடம்

நரம்புக் கடத்தல் சோதனை நரம்பில் மின்சாரம் செலுத்தி அது ஓடும் வேகத்தை அளக்கிறது. அதனால் நரம்பின் செயல் தெரியும். ஆனால் கை கால்களின் கீழ்ப்பகுதியில்தான் அந்தச் சோதனை உறுதியாகப் பேசும். கழுத்தருகே உள்ள நரம்பு வேர்களில் தடை இருந்தால் தடுமாறும். நோய் முற்றி உள்ளிழைகள் பெருமளவு அழிந்திருந்தால் பதிலாக வர வேண்டிய மின் அலையே வராது. உறை கெட்டதா, இழை கெட்டதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். அதோடு சோதனை வலிக்கும்.

அல்ட்ராசவுண்ட் சரியாக இந்த இடைவெளியில் நுழைகிறது. வலியில்லை, கதிர்வீச்சில்லை, சில இடங்களை மட்டும் பார்க்கும் சுருக்கமான முறையென்றால் கால் மணி நேரத்தில் முடியும். எம்.ஆர்.ஐ.யும் நரம்பு வேர்களைக் காட்டும். ஆனால் செலவும் நேரமும் அதிகம், ஒரே அமர்வில் இரு கைகளின் முழு நீளத்தையும் பார்ப்பது கடினம். ஐயத்துக்குரிய சி.ஐ.டி.பி.யில் முதலில் அல்ட்ராசவுண்ட், அது கிடைக்காதபோதோ தெளிவு தராதபோதோ எம்.ஆர்.ஐ. என்ற வரிசையை 2021 வழிகாட்டி வகுத்ததற்குக் காரணம் இதுவே.

இதன் பயனை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் எம்.எம்.என். கை வலிமை இழந்து வருபவருக்கு அது ஏ.எல்.எஸ். ஆகவும் இருக்கலாம், எம்.எம்.என். ஆகவும் இருக்கலாம். முன்னது உயிரைப் பறிக்கும் இயக்க நரம்பணு நோய். பின்னது இம்யூனோகுளோபுலின் ஊசிக்குப் பணியும் நோய். மின்தடை கழுத்தருகே இருந்தால் கடத்தல் சோதனை அதைத் தவறவிடக்கூடும். ஏ.எல்.எஸ்.இல் நரம்பு இயல்பாகவோ மெலிந்தோ இருக்கும், எம்.எம்.என்.இல் ஆங்காங்கே பருத்திருக்கும். இந்த ஒரு வேறுபாடு ஒருவரின் வாழ்நாளையே மாற்றிவிடும்.

தோள்பட்டையில் கடும் வலியோடு தொடங்கிக் கையைத் தளர்த்தும் பார்சனேஜ் டர்னர் நோயும் எதிர்ப்பாற்றலின் பிழையாலேயே வருவதாகக் கருதப்படுகிறது. அதில் நரம்பு உடுக்கைபோல் இடை சுருங்கி நிற்பதை அல்ட்ராசவுண்ட் நேரடியாகக் காட்டும். கில்லன் பாரே நோயில் அல்ட்ராசவுண்டின் பங்கு சிறியது. முதல் நாட்களில் கழுத்து வேர்கள் சற்றுப் பருத்திருக்கலாம். ஆனால் அந்நோயை மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே கணித்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார். ஸ்கேனுக்காகக் காத்திருக்க அங்கே நேரமில்லை.

ஓர் ஆய்வின் இரு முகங்கள்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. நீடித்த நரம்பு அழற்சி இருக்கலாம் என்ற ஐயத்தோடு வந்த 100 பேரை அவர்கள் இரு முறைகளாலும் சோதித்தனர். சிகிச்சையால் பயன்பெறும் நோய் 38 பேருக்கு இருந்தது. கடத்தல் சோதனை அவர்களில் 30 பேரைக் கண்டது. அல்ட்ராசவுண்ட் 37 பேரைக் கண்டது. மின்சோதனையை மட்டும் நம்பியிருந்தால் ஐந்தில் ஒருவர் மருந்து கிடைக்காமல் போயிருப்பார். இது நுட்பத்தின் பலம்.

அதே ஆய்வின் மறுமுகம் மீதமுள்ள 62 பேரில் இருக்கிறது. கடத்தல் சோதனை அவர்களில் 4 பேரைத்தான் தவறாக நோயாளி என்றது. அல்ட்ராசவுண்ட் 19 பேரை அவ்வாறு காட்டியது. அதாவது அல்ட்ராசவுண்ட் சுட்டிய 56 பேரில் மூன்றில் ஒருவருக்கு அந்த நோய் இல்லை. வலை அகலமானது; தேடாத மீனும் சிக்குகிறது.

இத்தனைக்கும் அது நிபுணர்கள் வடிகட்டி அனுப்பிய கூட்டம். கை கால் மரத்துப்போகிறது என்று வரும் எல்லோரையும் இதே முறையில் சோதித்தால் கணக்கு இன்னும் மோசமாகும். அப்படி வரும் 100 பேரில் 5 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று கொள்வோம். அதே துல்லியத்தோடு பார்த்தால் அந்த 5 பேரும் அகப்படுவர். மற்ற 95 பேரில் ஏறத்தாழ 29 பேரும் கூடவே அகப்படுவர். சுட்டிக்காட்டப்படும் ஏழு பேரில் ஒருவரே உண்மையான நோயாளி. கருவியும் கையும் மாறவில்லை; யாரைச் சோதிக்கிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. இந்தக் கணக்கை மறந்துவிட்டு நோயாளியைத் தவறவிடாத அல்ட்ராசவுண்டின் உணர்திறனை மட்டும் எடுத்துச் சொல்வது பாதி உண்மை.

சி.ஐ.டி.பி. என்ற பெயர் ஏற்கெனவே தாராளமாகச் சூட்டப்படுகிறது. அந்தப் பெயரோடு பரிந்துரைக்கப்பட்டு வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோய்க்கான வரையறைக்குள் வரவில்லை என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தோ எளியதன்று. இம்யூனோகுளோபுலினை முதல் சுற்றில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம் வீதம் கொடுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். செலவு லட்சங்களைத் தொடும். ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டு மலிவானது, ஆனால் நீடித்துக் கொடுத்தால் சர்க்கரையைக் கூட்டும், எலும்பை அரிக்கும்.

வீக்கம் ஒன்று, காரணம் பல

தவறான சுட்டல்கள் வருவதற்கு அடிப்படைக் காரணம், நரம்பு பருப்பது ஒரு நோய்க்கு மட்டும் உரிய அடையாளம் அன்று என்பதே. மரபுவழி நோயான சார்க்கோ மேரி டூத்தின் முதல் வகையிலும் நரம்பு வெகுவாகப் பருக்கும். அங்கே பருமன் இரு பக்கமும் வழிநெடுக ஒரே சீராக இருக்கும், சி.ஐ.டி.பி.யில் திட்டுத்திட்டாக இருக்கும். பெரும்பாலும் உதவும் இந்த வேறுபாடு எல்லா நோயாளியிடமும் தெளிவாக இருப்பதில்லை.

மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலும்புக்கும் நாருக்கும் இடையே அழுந்தும் நரம்பு அந்த இடத்தில் வீங்கும். நரம்பு அழற்சிக்கான அளவுகள் இந்த இடங்களைத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். நீரிழிவிலும் நரம்பு ஓரளவு பருக்கலாம். பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கும் இந்தியாவில் இந்தக் குழப்பம் அன்றாடம் எழக்கூடியது.

இந்தியாவுக்கு இன்னும் முக்கியமானது தொழுநோய். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டினர். முழங்கைக்குச் சற்று மேலே தடித்த நரம்பை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் இங்குள்ள மருத்துவத்தில் ஊறியது. அல்ட்ராசவுண்ட் அதே தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் காட்டுகிறது. தொழுநோயிலும் பருமன் திட்டுத்திட்டாகவே இருக்கும், இரு பக்கமும் ஒத்திருக்காது. உணர்ச்சியற்ற தேமலைத் தேடாமல் படத்தை மட்டும் பார்த்துச் சி.ஐ.டி.பி. என்று முடிவுகட்டி, தொழுநோய்க்கான கூட்டு மருந்து கொடுக்காமல் எதிர்ப்பாற்றலை மட்டும் அடக்கினால் கிருமிக்கு வழிவிட்டதாகிவிடும். ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் இந்த ஆபத்துக்குப் பெரும்பாலும் இடமே இருந்திருக்காது.

எதிர்ப்பாற்றல் நோய்களுக்குள்ளும் படத்தால் பிரிக்க முடியாதவை உண்டு. நியூரோஃபாசின், கான்டாக்டின் போன்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளால் வரும் நோய்களை 2021 வழிகாட்டி சி.ஐ.டி.பி.யிலிருந்து பிரித்துத் தனி இனமாக்கியது. இவை இம்யூனோகுளோபுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து பலருக்கு உதவுகிறது. இவற்றிலும் நரம்பு பருக்கலாம். மருந்தைத் தீர்மானிப்பது ரத்தப் பரிசோதனைதான்.

அளவுகோலும் கையும்

மீடியன் நரம்பு முன்கையில் 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல், மேல்கையில் 13க்கு மேல், கழுத்தில் நரம்புத் தண்டுகள் 9க்கு மேல், வேர்கள் 12க்கு மேல். குறைந்தது இரண்டு இடங்களில் இப்படிப் பருத்திருந்தால் சி.ஐ.டி.பி.க்கு வாய்ப்பு கூடுகிறது என்கிறது வழிகாட்டி. எண்கள் உறுதியாகத் தோன்றினாலும் அவற்றை எடுப்பது மனிதக் கை. திரையில் நரம்பின் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்துப் பரப்பை அளக்கிறார்கள். 8.5 சதுர மில்லிமீட்டர் கொண்ட வட்டமான நரம்பில் அந்தக் கோடு சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் வெளியே போனால் பரப்பு 10.7 ஆகிவிடும். இரண்டு மூன்று தலைமயிரின் தடிமனே உள்ள ஒரு விலகல் நலமான நரம்பை நோயுற்ற நரம்பாக்கிவிடும். ஒலி அலையை அனுப்பும் புரோபைச் சாய்த்துப் பிடித்தாலும் வட்டம் நீள்வட்டமாகிப் பரப்பு கூடும்.

இந்த எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. உயரமும் எடையும் நரம்பின் பருமனைப் பாதிக்கின்றன. ஒவ்வொரு ஆய்வகமும் தன் வட்டார மக்களில் நலமானவர்களை அளந்து தனக்கான இயல்பளவைக் கட்டிக்கொள்வதே சரி. கழுத்து வேர்களை அளப்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். கருவி வாங்குவது எளிது. அந்தக் கை உருவாக ஆண்டுகள் ஆகும்.

சிகிச்சையின் போக்கை அளக்குமா?

நரம்பின் நிறத்திலிருந்து நோயின் கட்டத்தை அறியலாம் என்ற நம்பிக்கை உண்டு. ரோம் நகர ஆய்வாளர் பதுவாவும் உடனாய்வாளர்களும் 2014இல் சி.ஐ.டி.பி. நரம்புகளை மூன்று வகையாகப் பிரித்தனர்: பருத்துக் கருத்தவை, பருத்துக் கருமையும் வெண்மையும் கலந்தவை, இயல்பான பருமனில் வெளுத்தவை. முதல் வகை நடப்பு அழற்சியையும், கடைசி வகை வடுவாகிப்போன பழைய நோயையும் குறிப்பதாகக் கருதலாம். பொருத்தமான விளக்கம்தான். ஆனால் கருமை வெண்மை கருவியின் அமைப்பைப் பொறுத்தும் மாறும். நோய் தணிந்த பிறகும் நரம்பு பல ஆண்டுகள் பருத்தே இருக்கக்கூடும். ஆகவே பருமனைப் பார்த்து மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ இப்போதைக்குச் சரியாகாது. பிடியின் வலிமையும் நடையின் வேகமுமே இன்னும் நம்பத் தக்க அளவுகள்.

உரிய இடம்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அல்ட்ராசவுண்ட் தேடுவதில் வல்லது, தீர்ப்பளிப்பதில் வல்லதன்று. மருத்துவரின் கணிப்பு சி.ஐ.டி.பி. என்கிறது, மின்சோதனையோ அரைகுறையாக ஆமோதிக்கிறது. நுட்பம் முழுப் பயன் தருவது அத்தகைய நோயாளியிடத்தில்தான். அங்கும் அது தனியாகப் போதாது. ஐயநிலையில் உள்ளவரைச் சி.ஐ.டி.பி. நோயாளி என்று உறுதிசெய்ய வழிகாட்டி குறைந்தது இரண்டு துணைச் சான்றுகளைக் கேட்கிறது. படம் அவற்றுள் ஒன்று. தண்டுவட நீர், பயாப்ஸி, சிகிச்சைக்குக் கிடைக்கும் பதில் ஆகியவை மற்றவை.

மின்சோதனை தெளிவாக ஆம் என்ற இடத்தில் அல்ட்ராசவுண்ட் புதிதாகச் சேர்ப்பது குறைவு. அறிகுறியே பொருந்தாத இடத்தில் அது சேர்ப்பது பெரும்பாலும் குழப்பம். படம் எடுக்கும் முன் மருத்துவர் கையால் சோதித்து ஒரு கேள்வியை வகுத்திருக்க வேண்டும். படம் எடுத்த பின் தொழுநோய், நீரிழிவு, நரம்பு அழுத்தம், மரபு நோய் நான்கையும் விலக்கியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கு காக்கப்பட்டால், மின்சோதனை கைவிட்ட ஐந்தில் ஒருவரை அல்ட்ராசவுண்ட் மருந்தின் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். ஒழுங்கு தவறினால், பருத்த நரம்புள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே நோயின் பெயரைச் சூட்டிவிடும்.