கடைசி இடத்துக்குப் பரிசு கிடையாது

2025 ஐபிஎல் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. 2008-இல் தொடர் தொடங்கியதிலிருந்து சிஎஸ்கே கடைசி இடத்துக்கு இறங்கியது அதுவே முதல் முறை. பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றி. சேப்பாக்கத்தில் வரிசையாக ஐந்து தோல்வி. அன்றிலிருந்து டிசம்பர் ஏலம் வரை அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து டீக்கடைகளிலும், மாலையில் ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலிலும் ஓயாமல் நடந்தது ஒரே பேச்சுதான். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, ஏலத்தில் யாரைத் தூக்குவது?

வேலையற்றவர்களின் வெட்டிப்பேச்சு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. இதைப் பேசுபவர்களில் பாதிப்பேர் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. சில இடங்களில் அணி நிர்வாகத்தைவிட இவர்கள் முந்தியிருக்கிறார்கள். சில இடங்களில் படுமோசமாகச் சறுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம்: ஐபிஎல்லில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் விலையும் ஊரறியத் தெரிகிறது.

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அந்த முரட்டு ஆட்டத்தில், 1936-இலிருந்து ஒரு முறை இருக்கிறது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிதான் கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அங்கே ஓர் அணி தொடர்ந்து தோற்றால் ரசிகனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அடுத்த வருடம் நல்ல பையன் கிடைப்பான். நம் ஊரில் அந்த ஆறுதல் இல்லை. கோப்பையை வென்ற பெங்களூருவுக்கும் கடைசியாக வந்த சென்னைக்கும் 2026-க்கு ஒரே 125 கோடிச் சம்பள வரம்புதான். இருப்பவனை விட்டால்தான் பையில் பணம் சேரும். ஆகவே இங்கே அணியைத் திருப்பிக் கட்டுவது என்றால் முதலில் யாரை அனுப்புவது என்ற கேள்விதான். பேச்சு எப்போதும் சூடாக இருப்பதற்கும் அதுதான் காரணம். புதியவனை வரவேற்பதில் யாருக்கும் வலியில்லை. ஜடேஜாவை அனுப்புவதில் இருக்கிறது.

2025 நவம்பர் 15 அன்று அது நடந்தது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு இங்கே வந்தார். 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்த மனிதரை விற்பதா என்று ஒரு தரப்பு. அடுத்த மாதம் 37 வயதாகிறவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்று இன்னொரு தரப்பு. கூடவே 13 கோடி சம்பளத்தில் இருந்த பதிரனாவும் விடுவிக்கப்பட்டார். எல்லாம் போக மிஞ்சியது 43 கோடியே 40 லட்சம். நிரப்பவேண்டிய இடம் ஒன்பது, அதில் வெளிநாட்டவருக்கு நான்கு.

இந்தக் கணக்கில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. அபுதாபியில் ஏலம் நம் நேரப்படி மதியம் இரண்டரைக்குத் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் விட்டிருந்த நேரம். டீக்கடையில் பிஸ்கட் பாட்டில்மேல் சாய்த்து வைத்த ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீனின் விலை ஏறிக்கொண்டே போகிறது. சிஎஸ்கே 25 கோடி வரை போய் நின்றுவிட, கொல்கத்தா 25 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய பையன், “அவன் பர்ஸைக் காலி பண்ணத்தாண்ணே ஏத்திவிட்டாங்க” என்றான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. “ஏத்திவிடறவன் 15-ல எறங்கிடுவாம்பா. 25 வரைக்கும் போனா வாங்கத்தான் போயிருக்கான். எப்படியும் அந்த வெள்ளைக்காரனுக்குக் கைக்குப் போறது 18 தான், மீதி போர்டுக்கு.” மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரர் அதிகபட்சம் 18 கோடிதான் பெற முடியும், எஞ்சியது வீரர் நலனுக்காக வாரியத்திடம் போகும் என்பது விதி. விதிப்புத்தகத்தின் எந்த மூலையிலோ கிடக்கும் ஒரு வரியை வைத்து ஒரு தொழிலாளி இன்னொருவரின் வாதத்தை உடைக்கிறார். பெரியவர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது.

கணக்கு மட்டும் என்றும் இல்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் பெரிய ஏலம் நடந்தபோது ராகுல் திரிபாதிக்கு 3 கோடியே 40 லட்சம், தீபக் ஹூடாவுக்கு 1 கோடியே 70 லட்சம், விஜய் சங்கருக்கு 1 கோடியே 20 லட்சம் என்று போனதைப் பார்த்து அன்றே முகம் சுளித்தவர்கள் ஏராளம். முதல் ஆறு ஓவரில் அடிக்க ஆள் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. 2025 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 20 ஓவர் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 எடுத்து நின்றபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. முழங்கை முறிந்த ருதுராஜுக்குப் பதிலாகப் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேவையும், காயமடைந்த குர்ஜப்னீத்துக்குப் பதிலாக டெவால்ட் பிரெவிஸையும் பாதித் தொடரில் சேர்த்த பிறகுதான் மட்டையில் உயிர் வந்தது. திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் மூவரும் அடுத்த ஏலத்துக்கு முன் விடுவிக்கப்பட்டனர். ரசிகர்கள் ஒரு வருடம் முன்னால் சொன்ன இடத்துக்கு நிர்வாகம் ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

ஆனால் அதே ஜெட்டாவில் அஸ்வின் 9 கோடியே 75 லட்சத்துக்கு வந்தபோது இவர்கள் ஆடிய ஆட்டத்தையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை வீடு திரும்புகிறது என்று கொண்டாடியவர்களில் ஒருவரும் அந்தப் பணத்துக்கு எத்தனை விக்கெட் வரும் என்று கணக்குப் போடவில்லை. ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். ஆகஸ்டில் அவர் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றார். நூர் அகமதுக்கு 10 கோடி கொட்டியது வீண் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் எடுத்தது 24 விக்கெட். தெரிந்த முகத்தின் விலையை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

தெரியாத முகத்துக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. அபுதாபியில் சிஎஸ்கே உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீரையும் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவையும் தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. இந்தியாவுக்காக ஆடாத வீரர்களில் அதுவரை இருந்த உச்சம் 2022-இல் ஆவேஷ் கானுக்குக் கிடைத்த 10 கோடி. ஒருவருக்கு வயது இருபது, மற்றவருக்குப் பத்தொன்பது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். ஏலம் முடிந்த அரைமணி நேரத்தில் இருவரைப் பற்றியும் தீர்ப்பு வந்துவிட்டது. அதற்கு ஆதாரம் போனில் பார்த்த அரைநிமிட வீடியோக்கள். அவற்றில் எல்லாப் பந்தும் சிக்ஸர்தான் போகும். இந்தப் பையன்கள் இழுத்து வீசும் பந்தை எப்படி ஆடுகிறார்கள், ஈரப் பந்தைப் பிடிக்க முடிகிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அணியின் பயிற்சியாளருக்கும் பிசியோவுக்கும் தெரியும். நமக்குத் தெரிந்தது விலை மட்டும். அந்த விலையை ஏற்றியது பையன் இல்லை; மேஜைகளில் உட்கார்ந்து அட்டை தூக்கியவர்கள். ஆனால் முதல் டக்கில், “பதினாலு கோடி டக்” என்ற பெயர் அந்தப் பையனுக்குத்தான் விழும்.

இளைஞர்களைக் கொண்டுவா என்று கத்துவதும், வந்த இளைஞனை மூன்றே ஆட்டத்தில் விரட்டுவதும் ஒரே வாய்தான். ருதுராஜ் கெய்க்வாடின் முதல் மூன்று ஐபிஎல் ஸ்கோர்கள் 0, 5, 0. அது 2020, காலி மைதானங்களின் வருடம். அந்த அக்டோபரில் இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்று தோனியே சொல்லிவிட, ரசிகர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் வரிசையாக மூன்று அரைசதம் வந்தது. அடுத்த வருடம் 635 ரன், ஆரஞ்சுத் தொப்பி, அணிக்கு நான்காவது கோப்பை. அன்று போட்டியை விட்டு ஏறக்குறைய வெளியேறிவிட்ட அணிக்கு இழக்க ஒன்றும் இல்லாததால்தான் அவருக்கு அந்த மூன்று ஆட்டங்கள் கிடைத்தன. ரசிகர் தீர்ப்புப்படி நடந்திருந்தால் கிடைத்திருக்காது.

‘நம்ம பசங்க’ வாதத்துக்கு வருவோம். பத்ரிநாத், முரளி விஜய், அஸ்வின் இருந்த அணியில் இன்று தமிழ்நாட்டுக்காரன் எங்கே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பெயர் சாய் சுதர்சன். 2025-இல் குஜராத்துக்காக 759 ரன் குவித்து முதலிடத்தில் நின்ற சென்னைப் பையன். சிஎஸ்கே கோட்டை விட்டது உண்மை. ஆனால் 2022-இல் குஜராத் அவரை எடுத்தது வெறும் 20 லட்சத்துக்கு. அடுத்த வருடம் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது. ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர்ச் சம்பளம் அதிகம்! அவர் பெயரைச் சொல்லி நிர்வாகத்தைத் திட்டும் பழக்கம் 2023 இறுதிப்போட்டியில் அவர் நமக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்த பிறகுதான் பெருகியது. வருண் சக்கரவர்த்தி கதையும் இதே ஜாதி. சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவுக்கு வலையில் பந்து வீசிக்கொண்டிருந்தவர். பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தார்.

இங்கேதான் எனக்கு உண்மையான மனக்குறை. ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானங்களிலும் போரூர், பூந்தமல்லிப் பக்கத்துத் தரைகளிலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்டம் நடக்கிறது. பார்ப்பவர் யார்? ஆடுகிறவனின் அப்பா, நடுவர், இளநீர்க்காரர். விலை ஒட்டாத ஆட்டக்காரனைப் பற்றிப் பேச நம் ரசிகனுக்கு வார்த்தை இல்லை.

சென்னையின் எஃப்சியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2015-லும் 2018-லும் ஐஎஸ்எல் கோப்பை வென்ற கால்பந்து அணி. 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது. சிஎஸ்கேவுக்கு நேர்ந்த சரிவுதான், அதற்குச் சற்று முந்தைய மாதங்களில். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 அரையிறுதியில் கோல் போட்டது இன்றும் சிலருக்கு நினைவிருக்கும். 2017 வரை ஐஎஸ்எல்லிலும் இந்திய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் தேர்வுமுறை இருந்தது. அப்போதாவது யார் யாரை எடுத்தார்கள் என்று பேச ஒரு நாள் கிடைத்தது. பிறகு எல்லாம் நேரடி ஒப்பந்தம். பெரும்பாலும் தொகை வெளியே வராது. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். அம்பத்தூர் டீக்கடையில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஏலத்தைச் சந்தை என்று திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் நிர்வாகம் செலவழித்த ஒவ்வொரு லட்சத்துக்கும் ரசிகன் கணக்குக் கேட்கும் வசதியை அந்தச் சந்தைதான் கொடுத்தது. அது இல்லாத இடத்தில் கேள்வியும் இல்லை.

சரி, கணக்குக் கேட்கும் அந்தத் தைரியம் எல்லோரிடமும் செல்கிறதா? தோனிக்கு 4 கோடி. சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து வருடமான இந்தியர்களை ‘ஆடாதவர்’ பட்டியலில் சேர்க்கும் பழைய விதி 2024-இல் திரும்ப வந்ததால் அமைந்த தொகை. பணம் ஒரு பொருட்டே இல்லை. இடம்தான் பொருட்டு. 2025 மார்ச்சில் பெங்களூரு அணியிடம் சேப்பாக்கத்தில் 50 ரன்னில் தோற்ற ஆட்டத்தில் அவர் ஒன்பதாவதாக இறங்கினார். தெருவே கொதித்தது. ஆனால் கொதிப்பு முழுக்க ‘ஏன் முன்னாடி எறக்கல’ என்பதில்தான். சாம்சன் விக்கெட் கீப்பர், கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர், உர்வில் படேலும் விக்கெட் கீப்பர். வெளிநாட்டு இடம், பர்ஸ், பவர்பிளே என்று அத்தனையையும் விரல்நுனியில் வைத்திருக்கும் அதே பெரியவர் தன் பதினோரு பேரை எழுதும்போது ஏழாவது வரியில் முதலில் தோனியை எழுதிவிடுகிறார். அப்புறம்தான் மிச்சம் பத்துப் பேருக்குக் கணக்குத் தொடங்குகிறது.