கை நீளும் முன்

சென்னைப் புறநகர் நூம்பலில் ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக் கூரைக்கடியில் ஒரு செஸ் வகுப்பு நடக்கிறது. நேரம் கிடைக்கும்போது போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். போன வாரம் புதிர்த்தாள் கொடுத்தார் மாஸ்டர். தாளைத் திருப்பிய மறுகணமே, "பாத்துட்டேன் சார்!" என்று நாலைந்து கைகள் மேலே எழுந்தன. விடையும் சரிதான். அடுத்த அரைமணியில் அதே பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஆட உட்கார்ந்தார்கள். புதிரில் இருந்த அதே குதிரை அடி ஒரு பலகையில் அப்படியே வந்து நின்றது. ஆடிய இருவருமே அதைப் பார்க்கவில்லை.

இதை விளக்க மேல் அயனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் போக வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயாவில் படித்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனுக்கு எதிரே கறுப்புக் காய்களுடன் உட்கார்ந்திருந்தார். பதின்மூன்று ஆட்டங்களில் இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. பதினான்காவதும் டிராவை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப். குகேஷிடம் இரண்டு சிப்பாய், டிங்கிடம் ஒன்று. சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கம். இப்படிப்பட்ட நிலையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் ஜெயிப்பது கடினம் என்பது செஸ் ஆடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

55-வது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு இழுத்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். அந்தக் கணத்தில் நடந்ததை ஆட்டம் முடிந்த பிறகு குகேஷே சொன்னார். அது தவறு என்று அவருக்கு உடனே தெரியவில்லை. யானையைப் பி3-க்குக் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தார். எதிராளி யானையை மாற்றக் கேட்டால், நெருக்குகிறவன் மறுத்து விலகி நெருக்கடியை நீட்டிப்பான். அதுதான் வழக்கம், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. அதற்குள் டிங்கின் பிஷப் மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பது குகேஷின் கண்ணில் பட்டது. யானைகளை வெட்டிவிட்டு, தன் பிஷப்பை அதன் முன்னால் நிறுத்தினால் அதற்குத் தப்ப வழியில்லை, பிஷப்புகளும் போய்விடும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அங்கே அந்த ஒரு கூடுதல் சிப்பாய் போதும். 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை, 18 வயதில் உலக சாம்பியன்.

பலரும் இதை டிங்கின் தவறு என்று எழுதிக் கடந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் உச்சம், பி3-க்குப் போகவிருந்த கை போகாமல் நின்றதுதான்.

அப்படிக் கையை நகர்த்தும் உள்ளுணர்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் நினைவின் வேலை. அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்த ஆட்டத்தின் ஒரு நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, அதை வேறு பலகையில் அடுக்கச் சொன்னார்கள். வல்ல ஆட்டக்காரர் பெரும்பகுதியைச் சரியாக அடுக்கினார், புதியவர் திணறினார். அதே காய்களைக் கலைத்துக் கண்டபடி வைத்துக் காட்டியபோது இருவருக்குமான வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. வல்லவரின் ஞாபகசக்தி பெரிதல்ல. அவர் காய்களைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய கொத்துகள் அவை. விஸ்வநாதன் ஆனந்தின் மின்னல் வேகத்துக்கும் அடியில் இப்படிச் சேர்ந்த சேமிப்புதான் இருக்கிறது.

அந்தச் சேமிப்பே கண்ணை மறைக்கவும் செய்யும். பிலாலிச், மெக்லியாட், கோபே என்ற மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பயிற்சியாளர்களும் படிக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் கொடுத்தார்கள். அதில் எல்லோருக்கும் பழகிய குதிரை செக்மேட் ஒன்று உண்டு, ஐந்து நகர்வு. பழக்கமில்லாத வழியில் போனால் மூன்றே நகர்வில் முடியும். பழகியதைக் கண்டவர்கள், இதைவிடச் சுருக்கமான வழியைத் தேடிக்கொண்டிருப்பதாகவே சொன்னார்கள். அவர்களுடைய கண்ணசைவைப் பதிவு செய்த கருவி வேறு கதை சொன்னது: பார்வை திரும்பத் திரும்ப முதல் யோசனைக்குரிய கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை அவர்கள். தேடுவதாக உண்மையிலேயே நம்பினார்கள்.

படைப்பாற்றல் வானத்திலிருந்து விழுவதில்லை. முதலில் தோன்றிய நல்ல யோசனையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கத் தெரிய வேண்டும், அதுதான் பாதி. அதைப் பழக்கத்தான் முடியும். குகேஷின் பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா அவரை நெடுங்காலம் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான 2500 ரேட்டிங்கைத் தாண்டும் வரை பலகையும் தன் மூளையும்தான். எஞ்சின் நொடியில் விடை சொல்லிவிடும், உண்மை. ஆனால் விடை வந்த பிறகு மனம் தேடுவதை நிறுத்திவிடுகிறது. தேடாத மனம் எதைக் கண்டுபிடிக்கும்?

இனி அந்த மொட்டை மாடிக்கு வருகிறேன். புதிர்த்தாளைப் படிக்கும் முன்பே பிள்ளைகள் பாதி விடையை வாங்கிவிடுகிறார்கள். "இங்கே ஒரு வெற்றி ஒளிந்திருக்கிறது" என்று தாளே சொல்லிவிடுகிறதே! சிங்கப்பூரில் 55-வது நகர்வில் குகேஷுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. 54 நகர்வுகளாக ஒன்றும் கிடைக்காத பலகையில், இப்போது ஏதோ மாறியிருக்கிறது என்பதை அவரே உணர வேண்டியிருந்தது. நாலு மணி நேர ஆட்டத்தில் அந்த விழிப்பைத் தக்கவைப்பது தனித் திறமை. நம் வகுப்புகளில் அதற்குப் பயிற்சி இல்லை. கடிகாரம் வைத்து வேகம்தான் அளக்கிறோம்.

திருவேற்காடு, வேலப்பன்சாவடி, அயனம்பாக்கம் என்று நம் பக்கத்தில் வகுப்பு நடத்தும் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு கொடுக்கும் பத்துப் புதிர்களில் மூன்றை, வெற்றியே இல்லாத நிலைகளாக வையுங்கள். எது எது என்று சொல்லாதீர்கள். "பாத்துட்டேன் சார்" என்று கை தூக்கும் பிள்ளையிடம், "சரி, இன்னொண்ணு சொல்லு" என்று கேளுங்கள். இரண்டாவதைச் சொன்ன பிறகு காயைத் தொட விடுங்கள்.