கேமரா எங்கே நின்றது?

ஆவணப்படம் என்றதும் நடுவயதைத் தாண்டிய பலருக்கு நினைவுக்கு வருவது, தியேட்டரில் மெயின் பிக்சருக்கு முன்னால் ஓடிய அரசாங்க நியூஸ் ரீல்தான். 1948-ல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த அந்தப் படங்களைத் தியேட்டர்கள் போட்டே ஆகவேண்டியிருந்தது. அணைக்கட்டோ வெள்ள நிவாரணமோ, எதைக் காட்டினாலும் ஒரே கம்பீரமான குரல் விளக்கிக்கொண்டே போகும். வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம், அது முடிந்த பிறகுதான் உள்ளே வரும். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. ஆவணப்படத்தைப் பாடமாகப் பார்க்கிறோம், தகவல் கிடைத்தால் போதும் என்று எழுந்துவிடுகிறோம்.

தகவலைப் புத்தகம் இன்னும் விரிவாகவே தரும். ஆவணப்படம் மட்டுமே தரக்கூடிய ஒன்று உண்டு. நடந்த ஒன்றின் எதிரில், அதை அனுபவித்த ஒரு மனிதரின் எதிரில், யாரோ ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், எந்த இடத்தில் வெட்டினார் என்று கவனிக்க ஆரம்பித்தால், அதுவரை பாடமாகத் தெரிந்த படம் கலையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ராபர்ட் ஃபிளஹர்ட்டி 1922-ல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வடக்கே பனிப்பிரதேசத்தில் வாழும் இனுயிட் குடும்பம் ஒன்றின் கதை. பனிக்கட்டிகளை அறுத்து வீடு கட்டுகிறார்கள். அதற்குள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: அவ்வளவு சிறிய, இருட்டான வீட்டுக்குள் அந்தக் காலத்துப் பெரிய கேமராவும் வெளிச்சமும் எப்படிப் போயின? போகவில்லை. படப்பிடிப்புக்காகவே பாதி வீடு ஒன்றைக் கட்டினார்கள். குடும்பம் திறந்தவெளிக் குளிரில் படுத்திருந்தது. அந்த மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஃபிளஹர்ட்டி அவர்களைப் பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாடச் செய்தார். நானூக் என்பதும் படத்துக்காக வைத்த பெயர். அந்த மனிதரின் சொந்தப் பெயர் அல்லாகரியல்லாக்.

அப்படியானால் படம் பொய்யா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பனியை அறுக்கும் அந்தக் கைகளின் வேகமும் கணக்கும் பொய்யில்லை. ஃபிளஹர்ட்டி எடுத்த சுருளை அங்கேயே கழுவி அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்களும் வேலையில் கூட்டாளிகளாக இருந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முந்தைய வாழ்க்கையை அவர்களே நடித்துக் காட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். ரசனை குறையாது, இரண்டு காலங்களை ஒரே நேரத்தில் பார்ப்பீர்கள்.

எல்லா ஏற்பாட்டையும் இப்படி மன்னித்துவிட முடியாது. டிஸ்னி நிறுவனத்தின் ‘வைட் வில்டர்னெஸ்’ 1958-ல் வந்தது, ஆஸ்கர் விருதும் வாங்கியது. லெம்மிங் என்ற எலி போன்ற சிறு பிராணிகள் கூட்டமாகப் போய்ப் பாறை விளிம்பிலிருந்து தண்ணீரில் குதிப்பதாக அதில் காட்டினார்கள். உண்மையில் அவற்றை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விளிம்பிலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள். 1982-ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்தது. லெம்மிங்குகள் கூட்டாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கட்டுக்கதை இன்றும் உலவுவதற்கு அந்தப் படம் ஒரு பெரிய காரணம். ஃபிளஹர்ட்டி, அந்த மக்கள் செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்யச் சொன்னார். இங்கே அந்தப் பிராணி ஒருபோதும் செய்யாததைச் செய்யவைத்தார்கள். இந்த வித்தியாசத்தைப் பிரித்தறியப் பழகுவது நல்ல பார்வையாளருக்கு முதல் தேவை.

இயற்கை, அறிவியல் தொடர்களில் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். அரை மைல் தூரத்திலிருந்து லென்ஸ் வழியாகப் பிடித்த புலியின் காலடிச் சத்தம் உங்களுக்குத் துல்லியமாகக் கேட்கிறதென்றால், அது ஸ்டூடியோவில் சேர்த்த சத்தம். அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு காட்சியில் ஐந்து நிமிடம் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். நீங்கள் உணர்ந்த பயத்தில் எவ்வளவு விலங்கிடமிருந்து வந்தது, எவ்வளவு வயலினிலிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

கண்டதற்கும் கற்பனைக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பது அடுத்த கேள்வி. பிபிசி 1999-ல் எடுத்த ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ அழிந்துபோன விலங்குகளை, யாரோ காட்டில் மறைந்திருந்து படம்பிடித்ததுபோலவே காட்டுகிறது. எலும்பு சொல்வது எது, ஓவியர் ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்வதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. 1980-ல் வந்த கார்ல் சேகனின் ‘காஸ்மாஸ்’ தொடரின் 10-வது பகுதியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரபஞ்சத்தின் வயதைப் பேச வந்த சேகன், தமிழ்நாட்டுக்கு வந்து பொங்கல் கொண்டாட்டத்தைக் காட்டுகிறார். சோழர் கால நடராசர் வெண்கலச் சிலையைக் காட்டுகிறார். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்ற புராணக் கணக்கையும் சொல்கிறார். நம் ஊர்க் காட்சி வந்த பெருமிதத்தில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டிப் போக வேண்டும். புராணம் எங்கே முடிகிறது, தொலைநோக்கி கண்டது எங்கே தொடங்குகிறது என்பதை அவர் கலந்துவிடாமல் நடத்திச் செல்வதில்தான் அந்தப் பகுதியின் அழகு இருக்கிறது.

வரலாற்றுப் படங்களுக்கு வேறொரு சங்கடம். எடுக்கும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். கென் பர்ன்ஸ் 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 9 பகுதிகள், 11 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘தி சிவில் வார்’ தொடரைச் செய்தார். 1861 முதல் 1865 வரை நடந்த போர் அது. ஓடுகிறவனை, சுடுகிறவனைப் பிடிக்கும் வேகம் அன்றைய கேமராவுக்குக் கிடையாது. போருக்கு முன் விறைப்பாக நின்ற சிப்பாய்களும், போருக்குப் பின் களத்தில் கிடந்த உடல்களும்தான் புகைப்படங்களில் உண்டு. பர்ன்ஸ் அந்தப் புகைப்படங்கள்மீது கேமராவை மெல்ல நகர்த்தினார். ஒரு முகத்தில் தொடங்கி, கீழே இறங்கி, துப்பாக்கியைப் பிடித்த கையில் போய் நிற்கும். பின்னணியில் சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை ஒருவர் வாசிப்பார். இருப்பதைக் கொண்டு இல்லாததை உணர்த்தும் வித்தை இது. அவர் படத்தின் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறார் என்று மட்டும் கவனித்துவாருங்கள். அவருடைய சிந்தனை பிடிபடும்.

இதே இடத்தில் நம்முடைய ஏ.கே.செட்டியாரையும் சொல்லியாக வேண்டும். உலகின் பல மூலைகளில் பலர் எடுத்து வைத்திருந்த காந்தியின் படத்துண்டுகளைத் தேடி நாடு நாடாகச் சென்று 50,000 அடி சேகரித்தார். 1940-ல் அவர் வெளியிட்ட ‘மகாத்மா காந்தி’ படமோ 12,000 அடிதான். கிடைத்ததில் முக்கால் பங்குக்கு மேல் வெளியே நின்றுவிட்டது. எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும், திரைக்கு வராமல் இப்படி வெளியே நின்றுபோன சுருள்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

விட்டதையே படத்தின் பலமாக்கியவர் க்ளோத் லான்ஸ்மான். யூத இன அழிப்பைப் பற்றி 11 ஆண்டுகள் உழைத்து 1985-ல் அவர் வெளியிட்ட ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பழைய காட்சிச் சுருள் ஒன்றுகூடக் கிடையாது. பிணக்குவியல் இல்லை. பிழைத்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், கொலையில் பங்கு கொண்டவர்கள் பேசுகிறார்கள். புல் முளைத்த நிலமும் தண்டவாளமும் தெரிகின்றன. லான்ஸ்மான் பிரெஞ்சில் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் போலிஷ் மொழியில் கேட்பார், பதில் அதே வழியில் திரும்பி வரும். வேறு யாராக இருந்தாலும் அதை வெட்டியிருப்பார்கள். இவர் அப்படியே வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் சப்டைட்டிலை விட்டுவிட்டுப் பேசியவர் முகத்தைப் பாருங்கள். சொல்லி முடித்த பிறகு முகம் என்ன செய்கிறது என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.

ஆப்ரஹாம் போம்பா வரும் காட்சியை எந்த ரசிகரும் தவறவிடக் கூடாது. ட்ரெப்ளிங்கா முகாமில், நச்சுவாயு அறைக்குள் சாகப்போகும் பெண்களுக்கு முடிவெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் அவர். லான்ஸ்மான் டெல் அவிவில் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்து, ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார். கூட வேலை செய்த நண்பரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்ததைச் சொல்லும் இடத்தில் போம்பாவால் பேச முடியவில்லை. நிறுத்திவிடும்படி கேட்கிறார். லான்ஸ்மான் விடவில்லை, கேமராவும் நகரவில்லை. இப்படி ஒருவரை வற்புறுத்தலாமா என்ற விவாதம் இன்றுவரை நடக்கிறது. என் மனதையும் அந்த வற்புறுத்தல் உறுத்துகிறது. ஆனாலும் அந்த மௌனத்தை வெட்டாமல் வைத்தது சரியென்றே நினைக்கிறேன். கத்தரி பிடித்த கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்க, வாய் நின்றுபோவதை வேறு எந்தக் கலையும் இப்படிக் காட்டியதில்லை.

மனித இயல்பைப் பற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘அப்’ தொடர். 1964-ல் இங்கிலாந்தின் க்ரனாடா தொலைக்காட்சி, வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த 14 ஏழு வயதுக் குழந்தைகளைப் பேசவைத்து ‘செவன் அப்’ என்ற படத்தை எடுத்தது. ஒரே ஒரு படமாகத்தான் திட்டம். அதில் உதவியாளராக இருந்த மைக்கேல் ஆப்டெட், ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போனார். 2019-ல் ‘63 அப்’ வரை வந்து, 2021 ஜனவரியில் இறந்தார்.

லிவர்பூலில் துள்ளிக் குதித்து, விண்வெளி வீரனாகப் போவதாகச் சொன்ன நீல், 28 வயதில் வீடில்லாமல் ஸ்காட்லாந்தில் அலைந்துகொண்டிருக்கிறார். அடுத்து என்ன ஆவாரோ என்று நாம் பதறும்போது, 42 வயதில் உள்ளாட்சி உறுப்பினராக வருகிறார். குதிரைப் பந்தய ஜாக்கியாக ஆசைப்பட்ட டோனி லண்டன் டாக்சி ஓட்டுநராகி, குடும்பத்தோடு நிலைத்துவிட்டார். 21 வயதில் டோனி சிறைக்குத்தான் போவார் என்று ஆப்டெட்டே நினைத்து, அதற்குத் தோதான காட்சிகளையும் எடுத்துவைத்தார். பிற்பாடு அதைத் தவறென்று ஒப்புக்கொண்டார். 49 வயதில் ஜாக்கி என்ற பெண், தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைப் பற்றி ஆப்டெட்டிடம் நேருக்கு நேர் சண்டை பிடிக்கிறார். அவர் அதை வெட்டாமல் படத்தில் சேர்த்தார். 14 பேரில் பெண்கள் 4 பேர்தான் என்ற குறையும் காலம் போகப் போகத்தான் பெரிதாகத் தெரிகிறது. பார்க்கப்படுகிறவர்கள் வளர்கிறார்கள், பார்க்கிற இயக்குநரும் வளர்கிறார். இந்த இரண்டாவது கதையையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தத் தொடரை ஒரே மூச்சில் பார்த்துத் தள்ளாதீர்கள். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில நாட்களாவது விடுங்கள். அந்த முகங்கள் உங்களுக்குக் கொஞ்சம் மறந்துபோக வேண்டும், அப்போதுதான் அடுத்த ஏழு ஆண்டுகள் உறைக்கும். வரிசையை மாற்றாதீர்கள். அவர்களின் இப்போதைய நிலைமை என்ன என்று இணையத்தில் முன்கூட்டித் தேடவும் வேண்டாம்.

அவ்வளவு நேரம் இல்லையென்றால், அலன் ரெனே 1956-ல் வெளியிட்ட ‘நைட் அண்ட் ஃபாக்’ 32 நிமிடம்தான். வதைமுகாம்களின் அன்றைய கறுப்பு வெள்ளைக் காட்சியும், அதே இடத்தின் பிந்தைய வண்ணக் காட்சியும் மாறி மாறி வரும். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் அன்றைக்கு வேறெதையும் பார்க்காதீர்கள்.