42 புள்ளி எடுத்தும் கை நழுவிய கோப்பை

2024 ஜூன் மாதம் சீனாவின் ஷென்ஜென் நகரில், 18 வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஆசியக் கோப்பை கூடைப்பந்து இறுதிப்போட்டி. சொந்த மண்ணில் ஆடிய சீன அணியின் சென்டர் ஜாங் ஸியூவுக்கு வயது 17, உயரம் 2.20 மீட்டர். 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்தில் பந்தைப் போட அவர் பல நேரம் குதிப்பதுகூட இல்லை. அன்று 42 புள்ளிகள் எடுத்தார், 14 ரீபவுண்டுகளைப் பிடித்தார். ஆனாலும் 96–79 என்ற கணக்கில் ஆஸ்திரேலியா வென்றது.

அந்த 79-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாங்கின் 42 போனால் மிச்சம் 37. சீன அணியின் மற்ற எல்லோரும் சேர்ந்து எடுத்தது அவ்வளவுதான். இவ்வளவு உயரமான சென்டர் இருந்தால் எல்லோரும் அவர் கைக்குப் பந்தை அனுப்பத்தான் பார்ப்பார்கள்; அது இயல்பு. கூடைக்கு அடியில் அவரைத் தடுப்பது யாராலும் ஆகாத காரியம். சிக்கல் தடுப்பாட்டத்தில்தான் வருகிறது. எதிரணி ஒரு ஸ்கிரீன் போட்டு, அதாவது தடுப்பவரின் வழியை உடலால் மறித்து, அவரைக் கூடையை விட்டு வெளியே இழுத்தால், பின்னால் இடம் காலியாகிவிடும். வெளியே வராமல் உள்ளேயே நின்றால், வளைவுக்கு வெளியே இருப்பவருக்குத் தாராளமாக மூன்று புள்ளி எறிய நேரம் கிடைக்கும். ரீபவுண்ட் எடுத்த கையோடு ஓடத் தொடங்கும் அணி என்றால், அவர் மறுமுனைக்கு வந்து சேர்வதற்குள் லே-அப் முடிந்திருக்கும். நாற்பது நிமிடத்தில் இது இருபது தடவை நடந்தால், 42 புள்ளியும் ஈடு கொடுக்காது.

18 வயதுக்குட்பட்ட மகளிருக்கான இந்த ஆசியப் போட்டி 1970-ல் சியோலில் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் தென் கொரியாவின் கை ஓங்கியிருந்தது. எழுபதுகளின் நடுவில் ஆசியக் கூடைப்பந்து அமைப்புக்குள் சீனா வந்த பிறகு நிலைமை மெல்ல மாறியது. மாகாண விளையாட்டுப் பள்ளிகளில் உயரமான சிறுமிகளைச் சின்ன வயதிலேயே தேடிச் சேர்க்கும் முறை சீனாவுக்குப் பெரிய பலம். 2016-ல் பாங்காக்கிலும் 2018-ல் பெங்களூருவிலும் கோப்பை அவர்களுக்கே போனது.

பெங்களூருவில் இறுதி வரை வந்து தோற்றது ஜப்பான். ஆனால் சீனியர் பட்டியல் வேறு கதை சொல்கிறது. 2013 முதல் 2021 வரை நடந்த ஐந்து மகளிர் ஆசியக் கோப்பைகளையும் தொடர்ந்து வென்றது ஜப்பான்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுடன் இறுதியில் மோதி வெள்ளியும் வாங்கியது. ஜூனியரில் சீனாவிடம் கோப்பையை விட்ட நாடு, சீனியரில் பத்தாண்டு கோலோச்சியது எப்படி?

விடையின் பெரும்பகுதி ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கிறது. கோடையில் இன்டர்-ஹை, டிசம்பரில் வின்டர் கப் என்ற பள்ளிப் போட்டிகளில் பெண்கள் அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன் ஆடுகிறார்கள். நகோயாவின் ஓகா ககுவென் போன்ற பள்ளிகளிலிருந்து தேசிய அணிக்கு ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். உயரம் குறைவு என்பதால் ஐந்து பேரும் ஓட வேண்டும், ஐந்து பேரும் தூரத்திலிருந்து எறியப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் 16 வயதில் ஒரு கோப்பையைத் தராமல் போகலாம். 24 வயதில் கைகொடுக்கிறது. சீனாவும் சும்மா இல்லை. 2022 உலகக் கோப்பையில் வெள்ளி வென்றது, 2023 ஆசியக் கோப்பையை ஜப்பானிடமிருந்து மீட்டது. ஆனால் 2025 ஜூலையில், ஜாங் சீனியர் அணிக்கு வந்த பிறகு, அதே ஷென்ஜென் நகரில் அரையிறுதியில் ஜப்பான் 90–81 என்று மறுபடி சீனாவைச் சாய்த்தது.

இந்த இருவர் போட்டிக்குள் மூன்றாவதாக நுழைந்தது ஆஸ்திரேலியா. 2017 முதல் ஓசியானியா நாடுகளும் ஆசியப் போட்டிகளில் ஆடத் தொடங்கின. அந்த ஆண்டு பெங்களூருவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் கோப்பையை ஆஸ்திரேலியா முதல் வருகையிலேயே தூக்கிச் சென்றது. அடுத்த ஆண்டு 18 வயதுப் பிரிவில் இறுதிக்கு வர முடியவில்லை என்றாலும், 2022-லும் 2024-லும் அந்தப் பட்டமும் அவர்களுக்கே. கான்பெராவில் பதின்வயதினரை வீட்டிலிருந்து பிரித்து ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுக்கும் மையம் அவர்களுடையது. உயரமும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. முதல் நான்கு இடங்களுக்குத்தான் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வாய்ப்பு என்பதால், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வந்தது மற்ற ஆசிய நாடுகளுக்குக் கதவை இன்னும் குறுக்கிவிட்டது.

இந்தியாவுக்கும் இதே பெங்களூரு கண்டீரவா அரங்கில் ஒரு நல்ல காலம் இருந்தது. 2017-ல் 16 வயதுக்குட்பட்ட இந்திய அணி இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. தமிழ்நாட்டின் புஷ்பா செந்தில்குமார் ஆடிய அணி அது. பின்னாளில் அவர் சீனியர் இந்திய அணிக்கும் போனார். அடுத்த ஆண்டே 18 வயது அணி கஜகஸ்தானை 68–66 என்று ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் வென்று அதே படியில் ஏறியது. இரண்டு ஆண்டில் இரண்டு வயதுப் பிரிவிலும் உயர்வு என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஏறிய பிறகு எதிரே நிற்பது ஜப்பானும் ஆஸ்திரேலியாவும். அவர்கள் வேகத்தை முதன்முதலாகப் போட்டி நாளன்றுதான் பார்ப்பது என்றால், பயிற்சியாளர் என்ன திட்டம் போட்டாலும் முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டம் கைவிட்டுப் போகும். தைவான், கொரியா, ஜப்பான் பள்ளி அணிகளோடு நம் 16 வயதுப் பெண்களுக்கு ஆண்டுக்குப் பத்து ஆட்டங்களாவது ஏற்பாடு செய்ய வேண்டும். சீனியர் அணிக்கு ஒதுக்கும் வெளிநாட்டுப் பயணச் செலவில் ஒரு பகுதியை இங்கே திருப்பினாலே அதற்கு வழி பிறக்கும்.