அறுபது வயது மைனர்

கராஜ்காரர் சுத்தியல் பிடியால் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "டங்" என்று கேட்டிருக்க வேண்டும். "பொத்" என்று கேட்டது.

"தம்பி, உங்கடை காரைக் கறள் தின்னேல்லை. கறள்தான் காரைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

2017இல் நான் வாங்கிய மொறிஸ் மைனருக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். 1965ஆம் ஆண்டு வண்டி, நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். யாழ்ப்பாண நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கொட்டிலுக்குள், மேலே கிடுகும் கீழே கோழிகளுமாகக் கிடந்தது. இலக்கத் தகட்டில் இன்னும் சிங்கள "ஸ்ரீ". 1950களின் பிற்பகுதியில் அந்த எழுத்து கட்டாயமானபோது அதை அழித்துத் தமிழில் எழுதும் போராட்டமே வடக்கில் நடந்தது. என் கார் அதற்குப் பிறகு வந்தது. தகட்டை நான் தொடவில்லை.

இதை ஸ்போட்ஸ் கார் இனம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். பொனற்றைத் திறந்தால் எனக்குச் சாட்சி இருக்கிறது. இதே ஏ-சீரிஸ் எஞ்சின்தான் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றிலும் எம்ஜி மிட்ஜெற்றிலும் இருந்தது. ராக் அன்ட் பினியன் ஸ்ரியரிங், முன்பக்கம் முறுக்குக் கம்பிச் சஸ்பென்சன், மொத்த எடை முக்கால் தொன் அளவு. 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த குடும்பக் காரில், எஞ்சினைத் தவிர, இவையெல்லாம் இருந்தன. வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் பின்னாளில் மினியையும் செய்தவர். மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறது என்று அதை நெடுக்காக அறுத்து 4 அங்குலம் விலக்கிப் பார்த்திருக்கிறார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த அறுப்பின் தழும்பு. வளைவில் திருப்பினால் கார் உடனே கேட்கும். எத்தனையோ புதுக் கார்களை ஓட்டிப் பார்த்தேன், ஸ்ரியரிங்கில் றோட்டு இப்படிப் பேசுவதில்லை.

ஆனால் காரை நான் வைத்திருப்பது புங்குடுதீவு இறுப்பிட்டியில். தீவில் எந்த வீட்டிலிருந்தும் கடல் தூரமில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் காலையில் முன்கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கழுவலாமென்றால் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்க விலைகொடுத்து வாங்கும் தண்ணீரில் கார் கழுவினால் அயலட்டை சும்மா விடாது. மாரியில் பீப்பாவில் பிடித்த மழைத்தண்ணீரை ரேடியேற்றருக்கென்று மூடி வைத்திருக்கிறேன். மிஞ்சியதில் ஒரு துணியை நனைத்துத் துடைப்பேன், அவ்வளவுதான்.

அதனால் முதல் ஒன்றரை வருடம் வேகத்துக்காக ஒரு சதமும் செலவழிக்கவில்லை. எல்லாம் தகரத்துக்குப் போனது. முன்பு யாரோ கறள் பிடித்த இடமெல்லாம் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அதைவிடக் கொடுமை, கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் அதே பட்டியால் அடைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே நின்றே தகரத்தைத் தின்றிருக்கிறது. மைனரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ற்றின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். தரை விரிப்பைத் தூக்குங்கள். பின் வில்லுத் தகடுகள் முன்னால் கொளுவும் இடத்தையும் கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தையும் ஒரு திருப்புளியால் குத்துங்கள். குத்த விடாத சொந்தக்காரரிடம் வாங்காதீர்கள்.

மாற்றுத் தகரம் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ள்ஸ் வெயர் 1990களில் இலங்கையிலேயே உதிரிப்பாகம் செய்விக்கத் தொடங்கினார். தெற்கில் மைனர் இன்னும் அன்றாடம் ஓடுகிற கார். எனக்கு வேண்டியது கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. வெல்டிங் முடிந்தபின் பொள்ளலான இடங்களுக்குள் மெழுகும் ஒயிலும் கலந்து அடித்தோம். ஒவ்வொரு மாரிக்கும் முன் திரும்ப அடிக்கிறேன். நாற்றம் ஒரு கிழமைக்குப் போகாது.

இனி மைனர்க்காரர் எல்லோரும் பயப்படும் விசயம். முன்சில்லைத் தாங்கும் தூணின் மேலும் கீழும் திருகுப் பொருத்துகள் உண்டு, ட்ரனியன் என்பது அதன் பெயர். ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரிகளில்தான் சில்லு சுழல்கிறது. கிறீஸ் காய்ந்தால் புரி தேயும். தேய்ந்தது வெளியே தெரியாது. ஒரு நாள் வீட்டு வாசலில் பின்னுக்கு எடுத்துத் திருப்பினேன். "கடக்" என்றது. மாடு முன்காலை மடித்துப் படுப்பதுபோல வலது மூலையில் கார் உட்கார்ந்துவிட்டது. வாணர் தாம்போதியில், இரண்டு பக்கமும் கடலாக இருக்கும்போது நடந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, ஜாக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் முழுக்க வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்கிறேன். பாரம் சில்லில் இருக்கும்போது அடித்தால் போகவேண்டிய பக்கத்துக்குப் போகாது. இந்தக் காரில் ஆகக் குறைந்த காசுக்கு ஆகக் கூடிய பலன் தரும் வேலை இதுதான். பெயர் மட்டும் "அப்கிரேட்" இல்லை.

காசு கொடுத்துச் செய்தவற்றில் முதலிடம் பிறேக்குக்கு. பழைய முறையில் நாலு சில்லிலும் டிரம். மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். பிறேக் ஒயில் பார்க்கவே விரிப்பைக் கிளப்பி மூடியைக் கழற்ற வேண்டும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. இங்கிலாந்திலிருந்து உறவினர் கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பிய முன் டிஸ்க் தொகுதியைப் பூட்டி, ஒயில் கிண்ணத்தைப் பொனற்றுக்குள் கொண்டுவந்தோம். சேர்வோ வைக்கவில்லை. மிதி கொஞ்சம் கடினம், ஆனால் நேராக நிற்கிறது. முன்பு அழுத்திப் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கும். வேலணையில் கட்டாக்காலி மாடுகள் இடப்பக்கம்தான் நிற்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மின்சாரத்தில் டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான் வான் ஒன்றின் ஓல்ற்றர்நேற்றரைப் போட்டேன். மைனருக்குப் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் இணைந்திருக்கும். முதலில் அதை மாற்ற வேண்டும், இக்னிசன் கொயிலின் வயர்களையும் மாற்ற வேண்டும். அரைநாள் வேலை. இரவில் மெதுவாகப் போனால் முன்விளக்கு மங்குவது நின்றது. பழைய ரெகுலேற்றர் பெட்டியை அழகுக்காக அங்கேயே விட்டிருக்கிறேன். எலெக்ரோனிக் இக்னிசனும் போட்டேன், ஒரு வருடம் நன்றாக வேலை செய்து ஒருநாள் அறிவிப்பில்லாமல் செத்தது. பொயின்ற் கெட்டால் ஒரு துண்டு அரத்தாளால் தேய்த்து வீடு வரலாம். திரும்பப் பொயின்ற்றுக்கே போய்விட்டேன்.

காபரேற்றரைக் கழற்றியபோது அதன் வாயருகே யாரோ துளைத்துப் பற்றவைத்த ஒரு சின்னப் பித்தளைக் குழாய் கிடைத்தது. கராஜ்காரர் பார்த்தவுடன் சிரித்தார். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வரவில்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் ஆவியாகாது. அதனால் போத்தலிலிருந்து இத்தனை சொட்டு என்று எண்ணிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏ-சீரிஸில் காபரேற்றரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கம் ஒட்டியிருப்பதால் அந்தச் சூடு உதவியது. எரியாமல் மிஞ்சியது ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். அப்படியும் ஓடின. குழாயை அடைத்துவிட்டேன், வெட்டி எடுக்க மனம் வரவில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கொடுத்தார்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தரும் மைனருக்கு அது போதும். ஆனாலும் அந்த நாட்களில் ஊரில் இரண்டு கிழவர்கள் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் வேகம். யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவர் தன் மைனருக்கு மிட்ஜெற் இனத்து 1275 எஞ்சின் போட்டிருக்கிறார். என்னுடையது புதிதில் 48 குதிரைவலு, அது 65. ஒரு விடியற்காலை பண்ணைப் பாலத்தில் சாவியைத் தந்தார். மூன்றாம் கியரில் அழுத்தினேன். என் காரில் சத்தம் மட்டும் கூடும் இடத்தில் அந்தக் கார் உண்மையிலேயே பாய்ந்தது. அல்லைப்பிட்டிவரை வாய் மூடவில்லை. மண்கும்பானில் ஒரு சைக்கிள்காரர் கையைக் காட்டாமல் குறுக்கே திரும்பினார். அந்தக் காரில் இன்னும் நாலு டிரம்தான். நின்றது, ஆனால் சைக்கிளின் பின்சில்லுக்கும் எங்கள் பம்பருக்கும் இடையில் ஒரு முழம்.

"அண்ணை, ஒண்டுமில்லை, போங்கோ" என்று அவரே எங்களைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது நண்பர் ஓட்டினார், 50க்கு மேல் போகவில்லை. எனக்கு 1275 வேண்டாம். என் 1098 நூறில் போனால் நாலாயிரம் சுற்றுக்கு மேல் கத்துகிறது, அதுதான் தொல்லை. அதற்கு மிட்ஜெற்றின் 3.9 விகித டிப்பறன்சியல் பல் போதும், பின் அச்சுக்குள் அப்படியே இறங்கும். நண்பரிடம் அப்படி ஒன்று உதிரியாகக் கிடக்கிறது. விலை கேட்டேன். "காசு வேண்டாம், உன்ரை டிஸ்க் பிறேக் வந்த இடத்தின்ரை விலாசத்தைத் தா" என்றார்.