கையூட்டுப் பெறாத சாட்சி: காங்கோவில் ஓர் அகச்சிவப்புப் படச்சுருள்

புகைப்படத்தைச் சாட்சியாக ஏற்கும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. எடுத்தவரின் துணிவைப் பாராட்டுகிறோம். அவரது கேமராவைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் அவர் எந்தப் படச்சுருளைத் தேர்ந்தார், அது எந்த ஒளியை ஏற்று எதனை மறுத்தது என்பதெல்லாம் கடைக்காரருக்குரிய செய்திகளாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மோஸ், 2010ஆம் ஆண்டு முதல் கிழக்குக் காங்கோவில் எடுத்த ‘இன்ஃப்ரா’ என்னும் படத்தொகுதியை அவ்வாறு அணுக இயலாது. அதில் மலைகளும் புல்வெளிகளும் காடுகளும் பசுமையை இழந்து செம்பருத்தியின் நிறத்தில் நிற்கின்றன. துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் அச்செந்நிறப் புதர்களின் நடுவிலிருந்து நம்மை நோக்குகிறார்கள். கண்டவர்களில் ஒரு சாரார் வியந்தனர். மறுசாரார், போரைப் பூந்தோட்டமாக்கிய குற்றம் இது என்றனர். இரு தரப்பிலும் பெரும்பாலோர் படச்சுருளை ஓர் ஒப்பனைப் பெட்டியாகவே எண்ணிப் பேசினர் என்பது நம் கருத்து.

காங்கோவுக்கும் கோடாக் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அந்நாட்டைத் தம் தனிச்சொத்தாக வைத்து, ரப்பருக்காக மக்களை வதைத்த காலத்தில், ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற கிறித்தவ ஊழியர் 1904இல் ஒரு படம் எடுத்தார். தன் சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தவாறு ஒரு தந்தை அதில் அமர்ந்திருக்கிறார். அத்தகைய படங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டப்பட்டன. 1905இல் மார்க் ட்வைன் எழுதிய அங்கத நூலில் லியோபோல்ட் தனிமையில் புலம்புகிறார். தம்மால் விலைக்கு வாங்க முடியாத ஒரே சாட்சி கோடாக் என்பது அவரது மனக்குறை. 1908இல் காங்கோ மன்னரின் கையைவிட்டு நீங்கி பெல்ஜிய அரசின் ஆளுகைக்குள் சென்றதில் அப்படங்களுக்கும் பங்குண்டு. ஒரு நூற்றாண்டு கழிந்து, அதே நிறுவனத்தின் படச்சுருள் அதே நாட்டிற்குச் சென்று புல்லைச் சிவப்பென்று கூறியது. சாட்சி விலைபோய்விட்டதா?

சொல்லப்பட்ட செய்தியோடு சொன்னவரையும் சேர்த்து ஆராய்வது நம் கல்வி மரபுக்குப் புதிதன்று. மோஸ் தேர்ந்த ‘ஏரோகுரோம்’ சுருள் கலைஞர்களுக்காகப் பிறந்ததில்லை. இலைதழைகளுக்கிடையே உருமறைத்து வைக்கப்பட்ட பகைவரின் தளவாடங்களை வானிலிருந்து கண்டறிவதற்காக, இரண்டாம் உலகப் போரின்போது கோடாக் உருவாக்கிய சுருளின் வழித்தோன்றல் அது. உயிருள்ள இலை, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. சாதாரணப் பச்சை வண்ணம் பூசிய தகரமும், வெட்டிப் போட்டு வாடிய கிளையும் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. வழக்கமான வண்ணச் சுருளின் மூன்று அடுக்குகள் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை உணர்கின்றன. ஏரோகுரோமில் இவ்வரிசை ஒரு படி நகர்த்தப்பட்டுள்ளது: பச்சை நீலமாகவும், சிவப்பு பச்சையாகவும், அகச்சிவப்பு சிவப்பாகவும் பதிவாகும். மூன்று அடுக்குகளுமே நீல ஒளிக்கும் வசப்படுபவை ஆதலால், அதனைத் தடுக்க வில்லையின் முன் மஞ்சள் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவது இன்றியமையாதது. இவ்வாறு எடுக்கும் படத்தில் உண்மையான காடு சிவக்கும். போலிக் காடு நீலம் பாய்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னாளில் நோயுற்ற மரங்களை இனங்காண வனத்துறையினரும் இதனைப் பயன்படுத்தினர். எனவே இச்செந்நிறத்தைப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. ‘இது என்ன நிறம்?’ என்று நாம் கேட்கிறோம், ‘இது உயிரோடிருக்கிறதா?’ என்னும் வேறொரு கேள்விக்குச் சுருள் விடை தருகிறது.

2009இல் கோடாக் இதன் உற்பத்தியை நிறுத்தியது. எஞ்சிய சுருள்களைத் தேடிப்பிடித்தே மோஸ் பணியாற்றினார். இச்சுருளைக் கையாள்வது எளிதன்று. குளிர்பதனத்தில் பேண வேண்டும். முழு இருளில்தான் கேமராவில் ஏற்ற வேண்டும். ஒளிமானி கண்ணுக்குரிய ஒளியை அளக்குமேயன்றி அகச்சிவப்பை அறியாது. ஆதலால் ஒரே காட்சியைக் கூட்டியும் குறைத்தும் பலமுறை எடுப்பதே பாதுகாப்பு. அகச்சிவப்பு குவியும் இடமும் கண்ணுக்குரிய ஒளி குவியும் இடமும் சற்றே வேறுபடுகின்றன. இவையனைத்தையும், முக்காலியில் நிறுத்தும் பெருவடிவக் கேமராவோடு, வெப்ப நாடொன்றின் போர்முனையில் செய்ய வேண்டியிருந்தது. சுருளைக் கழுவி எடுக்கும்வரை எடுத்தவருக்கே தம் படத்தின் நிறம் தெரியாது. தம் கண்ணைவிடத் தம் அறிவையே அவர் நம்பியாக வேண்டும். கண்ணில் விழும் ஒளியோடு பார்வை முடிவதில்லை, ஒப்பீடும் தீர்மானமும் சேர்ந்தே பொருளை அறிகிறோம் என்று ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் 11ஆம் நூற்றாண்டிலேயே விரித்துரைத்தவர் இப்னுல் ஹைதம். இச்சுருளைக் கண்டிருந்தால் அவர் அதிகம் வியந்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

இத்தனை இடர்ப்பாட்டுக்கும் காங்கோ ஏன் தகுந்த இடமாகிறது? சர்வதேச மீட்புக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் அங்குப் போரின் விளைவாக 54 இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிட்டது. எண்ணிக்கை குறித்துப் பின்னர் ஆய்வாளரிடையே கடும் விவாதம் எழுந்தது உண்மை. ஆயினும் அவ்வாய்வு கூறிய மற்றொரு செய்தி நம் பொருளுக்கு முதன்மையானது. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டடிபட்டு இறக்கவில்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டமின்மை ஆகியவற்றால் இறந்தனர். 1904இன் கொடுமைக்கு வெட்டுண்ட கை என்னும் உருவம் இருந்தது. மருந்தின்றி ஒரு குடிசைக்குள் மடியும் குழந்தைக்குப் போரின் உருவம் ஏது? அது வேறெந்த ஏழை நாட்டுக் குழந்தையின் மரணத்தையும் போலவே படத்தில் தோன்றும். போர் அங்கு ஓய்ந்துவிடவுமில்லை; 2012 நவம்பரில் எம்23 கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்த கோமா நகரம், 2025 ஜனவரியில் மீண்டும் அதே படையிடம் வீழ்ந்தது. செய்திப் படங்களைப் பார்த்துப் பார்த்து உலகின் கண் மரத்துப்போன ஒரு நிலத்திற்கு, கண்ணுக்குப் புலனாகாத ஒளியில் இயங்கும் சுருளைக் கொண்டுசென்றதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது.

இப்பொருத்தம் தொகுதி முழுவதிலும் ஒரே அளவில் நிலைபெறுகிறதா என்றால் இல்லை. நிலக்காட்சிகளில் அது முழுமையாக நிலைபெறுகிறது. 2011இல் எடுக்கப்பட்ட ‘மென் ஆஃப் குட் ஃபார்ச்சூன்’ என்னும் படத்தைக் கூறலாம். வடக்கு கீவு மாகாணத்தின் மேய்ச்சல் மலைச்சரிவு அது. பச்சையாக இருந்திருந்தால் அழகிய சுற்றுலாப் படம் என்று கடந்து சென்றிருப்போம். சிவந்து நிற்கும்போது அந்நிலத்தை இயல்பானதாக நம்மால் எண்ண முடிவதில்லை. காடு எங்கே நின்றது, மேய்ச்சல் எங்கே தொடங்கியது, யாருடைய நிலம் இது என்று கேட்கத் தொடங்குகிறோம். கீவு மாகாணங்களில் மூண்ட சண்டைகளின் அடியில் நில உரிமை வழக்கு கிடக்கிறது. உயிருள்ள நிலத்தைப் பிரித்துக்காட்டும் சுருள், வழக்கின் மையப் பொருளையே சுட்டுகிறது.

வீரர்களின் உருவப்படங்களில் நிலை வேறு. பெருவடிவக் கேமரா மெதுவானது. அதன்முன் நிற்பவன் விறைத்து நின்று தோரணை காட்டத்தான் செய்வான். ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கப் பிறந்த சுருளின் முன்னே, ஒளிய விரும்பாத ஒருவன் நிற்கிறான். சுருளுக்கு அங்கே வேலை இல்லை. அவன் பின்னால் உள்ள செம்மை, படக்கூடத்துத் திரைச்சீலையாகிவிடுகிறது. போரைப் பூந்தோட்டமாக்கினார் என்ற குற்றச்சாட்டு இப்படங்களுக்கு மட்டும் பொருந்தும். தலைப்புகளும் நமக்கு உறுத்தலாகவே உள்ளன. மேற்சொன்ன தலைப்பு லூ ரீடின் 1973ஆம் ஆண்டுப் பாடலுடையது. ‘வின்டேஜ் வயலன்ஸ்’ என்பது ஜான் கேலின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயர். அகச்சிவப்பு வண்ணச் சுருள் அக்கால ராக் இசைத்தட்டு உறைகளிலும் இடம்பெற்றது என்பதை நினைவூட்டும் குறும்பு இது. அக்குறும்பில் அம்மலைகளின் மக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்களது நிலத்திற்கு அவர்கள் வைத்த பெயர் இருக்க, வேறொருவர் வீட்டுப் பாடலைச் சூட்டியது தேவையற்றது.

2013இல் வெனிஸ் பியனாலேயில் அயர்லாந்தின் சார்பில் காட்டப்பட்ட ‘தி என்கிளேவ்’ என்னும் திரைப்படைப்பில் இக்குறை பெருமளவு நீங்கியது. டிரெவர் ட்வீட்டன் 16 மி.மீ. அகச்சிவப்புச் சுருளில் ஒளிப்பதிவு செய்ய, பென் ஃப்ராஸ்ட் ஒலியமைத்தார். கேமரா நடக்கத் தொடங்கியதும் தோரணை குலைகிறது. கண் சிறிது நேரத்தில் சிவப்புக்குப் பழகிவிடுகிறது. பழகிய பின் மனிதர்கள் தெரிகிறார்கள்.

அதே 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் ‘லோமோகுரோம் பர்ப்பிள்’ என்ற சுருளை அறிமுகப்படுத்தியது. கிடைக்காமற்போன ஏரோகுரோமின் தோற்றத்தை நாடுவோருக்கு அது ஆறுதலாயிற்று. வடிகட்டி வேண்டாம்; சாதாரண வண்ணச் சுருளைப் போலவே எந்தக் கூடத்திலும் கழுவலாம்; ஒளியைச் சற்றுக் கூட்டிக் குறைத்தால் ஊதாவின் அடர்த்தி மாறும். பயிலும் இளைஞர்களுக்கு இது நல்ல விளையாட்டு. இதனை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் இது அகச்சிவப்பை உணர்வதில்லை. பச்சையை ஊதாவாக மாற்றுகிறது, அவ்வளவே. இலையும் ஊதா, பச்சைச் சட்டையும் ஊதா, பச்சை வண்ணம் பூசிய கதவும் ஊதா. உயிருள்ளதையும் போலியையும் பிரித்தறியும் ஆற்றலே ஏரோகுரோமின் சாட்சியம். அது இங்கே கழன்றுவிட, நிறம் மட்டும் எஞ்சுகிறது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் செம்மைக்கும் இதே நிலைதான்.

மோஸ் பின்னர் படச்சுருளைவிட்டு நகர்ந்தார். 2017இல் வெளியான ‘இன்கமிங்’ படைப்பில், சுமார் 30 கி.மீ. தொலைவிலிருந்தும் மனித உடலின் வெப்பத்தைக் கண்டறியவல்ல படைத்துறைக் கேமராவைக் கொண்டு ஏதிலிகளைப் படம்பிடித்தார். எல்லையில் மனிதரை வேவு பார்க்கும் கருவியாலேயே எல்லை கடக்கும் மனிதரைக் காட்டியதில், கருவிக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு கீவு மலைகளில் இருந்ததைவிட இறுக்கமானது. ஆயினும் அங்கே நமக்கொரு வினா எழுகிறது. கீவின் போராளி கேமராவைக் கண்டான். விரும்பினால் முகம் திருப்பிக்கொள்ள அவனால் முடிந்தது. கடலில் தத்தளிக்கும் படகில் குழந்தையை அணைத்திருக்கும் தாய்க்கு, தொலைவில் ஒரு கண் தன் உடற்சூட்டைப் பதிவுசெய்வது தெரிந்திருக்க வழியில்லை.