மணிமேகலையில் துன்பக் காட்சியும் அறவுணர்வும்

பௌத்த மரபில் துன்பம் முதல் வாய்மையாகும். மூத்தோன், பிணியுற்றோன், இறந்தோன் ஆகிய மூவரையும் பின்னர்த் துறவி ஒருவனையும் கண்ட சித்தார்த்தன் அரண்மனையை நீங்கினான் என்பது புத்த சரிதம். சாவகத்துப் போரோபுதூரில் இந்நான்கு காட்சிகளும் கல்லிற் செதுக்கப்பெற்றுள்ளன. இக்கதையமைப்பில் காண்பவன் தேரில் செல்கின்றான். காணப்படுவோர் வழியில் நிற்கின்றனர். துன்புறுவோர் காட்சியாவரேயன்றித் தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைப்பாரல்லர். சீத்தலைச் சாத்தனார் இவ்வமைப்பை எங்ஙனம் மாற்றினார் என்பதையே ஈண்டு ஆராய்கின்றோம்.

சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சுடுகாட்டிற் பேயைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன் என்னும் சிறுவன் வீடு சேர்ந்து உயிர் விடுகின்றான். அவன் தாய் கோதமி, தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்தோடு வழக்காடுகின்றாள். தேவர் பலரும் வந்து அஃது இயலாது என்ற பின்னரே அடங்குகின்றாள். பாலி உரைகள் கூறும் கிசாகோதமியோ, சாவறியா வீட்டுக் கடுகைத் தேடி, வாயில்தோறும் பிறர் இழப்பைக் கேட்டுத் தெளிகின்றாள். துன்பத்தின் பொதுமையை உணர்த்துவதில் பாலிக் கதையே சிறந்தது என்போம். சாத்தனாரின் கோதமி விரைவில் அமைதியுறுவது ஒரு குறையே. ஆயினும் துன்புறுவோரின் குரலை முழுமையாகக் கேட்பிப்பது நம் காப்பியமேயாகும்.

இனி, மணிமேகலையின் முற்பகுதி கதை, பிற்பகுதி சமய வாதம், இரண்டும் ஒட்டவில்லை என்பார் உளர். காயசண்டிகையின் வரலாறு இதற்கு விடையாகும். முனிவன் சாபத்தால் பன்னிரண்டாண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடிய அவள் தன் நோயைத் தானே உரைக்கின்றாள். ஆதிரையிடம் முதற்பிச்சை பெறுமாறு மணிமேகலைக்கு வழிகாட்டுபவளும் அவளே. அமுதசுரபியின் ஒரு பிடி உணவு அவள் பசியைத் தீர்க்கின்றது. ஆனால் தன் ஊர் நோக்கி வான்வழிச் சென்றவள் விந்தமலையைக் காக்கும் விந்தா கடிகையின் வயிற்றுள் அகப்பட்டு மாய்கின்றாள். பசி நீங்கினும் பிறப்பின் துன்பம் நீங்கவில்லை. சோறு இன்றியமையாதது, ஆயின் சோறு மட்டும் போதாது. இவ்வுண்மையைக் கதையால் நிறுவிய பின்னரே புலவர் இறுதிக் காதையில் பன்னிரு சார்புகளை விரிக்கின்றார். ஆகவே இரு பகுதிகளும் காரண காரியமாகத் தொடர்புடையன என்பது தெளிவு.

சிறைக்கோட்டம் அறக்கோட்டமான காதை இக்கொள்கையின் முடிமணி. துறவு ஈண்டு ஊரை விட்டு விலகுதல் அன்று. ஊரார் மறந்த இடத்துள் புகுதலாகும். காயசண்டிகையின் வடிவுடன் சிறையுள் புக்க மணிமேகலை ஆங்குள்ளோர் பசியைத் தீர்த்து, அரசனிடம் அச்சிறையையே அறக்கோட்டமாக வேண்டிப் பெறுகின்றாள்.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் இக்காதையைப் படிப்போர்க்குச் சுப்பிரமணிய சிவாவின் நினைவு எழாதிராது. 1908 இல் சிறைப்பட்டு 1912 இல் வெளிவந்த அவர், சிறையிலே தொழுநோய்க்கு ஆளானார். நோயைக் காரணங்காட்டிப் புகைவண்டிப் பயணம் தடுக்கப்பெற்றபோது ஊர் ஊராக நடந்து சென்று பேசினார். 1925 சூலை 23 ஆம் நாள் இவ்வூரிலேயே மறைந்தார். சிவா பௌத்தர் அல்லர். அவரைக் காப்பியத்தோடு பிணைப்பதும் எம் நோக்கமன்று. ஆயினும் பிணியுற்றோன் வழியோரத்துக் காட்சியாக நில்லாமல், தானே நடந்து வந்து பேசும்போது, கேட்போரின் கடமை மாறிவிடுகின்றது. தேரிலிருந்து இரங்குவது அப்போது போதாது.

துன்பத்தைக் கண்டு விழித்தல் ஒரு நிலை. துன்புறுவோர் சொல்லைக் கேட்டு அவர் இருக்குமிடம் சேறல் அடுத்த நிலை. பௌத்த மரபுக்குச் சாத்தனார் அளித்த தனிக்கொடை இவ்விரண்டாம் நிலையை ஒரு பெண்ணின் கைப்பாத்திரத்தில் வைத்துக் காட்டியமையே என்று துணிகின்றோம்.